லிட்டருக்குப் பதினாறு

ஜடையனின் பிடரியில் கட்டைவிரல் கனத்துக்கு ஒரு காய்ப்பு இருந்தது. மைசூர் தேவராஜா மார்க்கெட்டில் இருபத்திரண்டு வருஷம் மூட்டை தூக்கியதில் வந்தது. தொண்ணூற்று நாலாம் வருஷம் மாசி மாதத்தில் கழுத்து திரும்பாமல் போய், பெரியாஸ்பத்திரியில் காட்டினான். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு வருஷம் தலையில் சுமந்தால் கை மரத்துப்போகும், அப்புறம் என்னிடம் வராதே என்று கன்னடத்தில் சொன்னார். அன்றைக்குத்தான் ஜடையன் மனதில் வண்டி ஆசை விழுந்தது. தலையில் ஏறுவதைச் சக்கரத்தில் ஏற்றினால் கழுத்து பிழைக்கும், வீடும் பிழைக்கும். வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை.

ஜடையன் அனூர்ப் பக்கத்து ஆள். அப்பன் மாதையன், மாதேஸ்வரன் மலைக்கு ரோடு போட்ட காலத்தில் கல் உடைத்தவன். சின்னாத்தாள் மகன் ஒருவன் மார்க்கெட்டில் இருந்தான். அவன் பின்னால் வந்து மைசூரில் ஒட்டிக்கொண்டான். பெண்டாட்டி பாப்பம்மாள், அவனுடைய அத்தையின் ஓரகத்தி மகள். வளைத்துப் பார்த்தால் முறைப்பெண்தான். அவள் வீட்டில் வரிசையாக மூன்று பெண்கள். நாலாவதாகப் பிறந்தவன் மல்லப்பன். அவனைப் பெற்ற கையோடு தாய் கண்ணை மூடிவிட்டாள். பன்னிரண்டு வயசுப் பாப்பம்மாள்தான் தம்பியை இடுப்பில் தூக்கி, சோறு மென்று ஊட்டி வளர்த்தாள். கல்யாணமாகி மைசூருக்கு வந்தபோதும் ஒரு கையில் தகரப்பெட்டி, இன்னொரு கையில் தம்பி. ஜடையன்தான் அந்தப் பையனை மெக்கானிக் கடையில் வேலைக்குச் சேர்த்தான். கெட்டிக்காரன். இருபத்தைந்து வயதுக்குள் பன்னிமண்டபத்தில் சொந்தமாக ஒர்க்ஷாப் போட்டுவிட்டான்.

ஜடையன் மகள் உமாதேவி பெரியவளானபோது தாய்மாமன் சீர் என்று ஏழு தட்டு, பேண்டு வாத்தியத்தோடு கொண்டுவந்து இறக்கினான். அவர்கள் சனத்தில் ஒரு வழக்கம் உண்டு. தாய்மாமன் கொண்டுவந்த தட்டை மூடிய துணியோடு உள்ளே எடுத்துப்போக வேண்டும். சபையில் வைத்து எண்ணக்கூடாது, நிறுக்கக்கூடாது. எண்ணினால் பெண்டாட்டி பிறந்த வீட்டைச் சந்தேகப்பட்டதாகப் பேச்சாகும். ஜடையன் எண்ணவில்லை. எண்ண வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அந்த மல்லப்பன்தான் வண்டி கொடுத்தான்.

ஒரு பழைய ஜீப்பின் முகம். ஒரு வேனிலிருந்து இறக்கிய டீசல் இன்ஜின். பின்னால் மரப்பலகைத் தொட்டி. மீட்டர் எதிலிருந்து கழற்றியதோ அவனுக்கே வெளிச்சம்; வேக முள் செத்துக்கிடக்கும், கிலோமீட்டர் எண் மட்டும் உருளும். மார்க்கெட்டுக்கு முதல்நாள் வண்டி வந்தபோது மேஸ்திரி வேலாயுதம் சுற்றிச்சுற்றி வந்து பார்த்தான்.

"ஏப்பா ஜடையா, இதுக்கு அப்பன் ஆரு, ஆத்தா ஆரு?"

"வண்டிக்கு எதுக்குடா அப்பனும் ஆத்தாளும்?"

"இல்ல, கொள்ளேகால் தக்காளியாட்டம் இருக்குது. ஹைப்ரிட்டு!"

அந்த வருஷம் கொள்ளேகால் பக்கமெல்லாம் ஹைப்ரிட் தக்காளி போட்டிருந்தார்கள். பேர் ஒட்டிக்கொண்டது. "ஹைப்ரிட் வந்தாச்சா?" என்றால் மார்க்கெட்டில் ஜடையனின் வண்டி என்று அர்த்தம்.

வாங்குவதற்கு முன்னால் மல்லப்பன் பாட்டில் டெஸ்ட் வைத்தான். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, ஒரு லிட்டர் டீசல் ஊற்றிய பாட்டிலை இன்ஜின் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டு, அதில் குழாயைச் சொருகுவது. பாட்டில் காலியாகி வண்டி நிற்கும்வரை ஓட்டி, மீட்டரைப் பார்த்தால் லிட்டருக்கு எவ்வளவு என்று தெரிந்துபோகும்.

"ஸ்ரீரங்கப்பட்டணம் ரோட்டுல போலாமா மாப்ளே?" என்று ஜடையன் கேட்டான்.

"அங்க லாரி கூட்டம் மாமா. பிரேக்கு போட்டுப் போட்டு டீசல் குடிச்சுரும். கணக்கு நேரா வராது. புது லேஅவுட்டு ரோடு காலியா கிடக்குது, அங்கயே சுத்துவோம்."

ஆள் குடியேறாத மனைகளுக்கு நடுவே வண்டி வட்டம் வட்டமாகச் சுற்றியது. பாட்டில் வற்றி வண்டி இருமி நின்றபோது மீட்டரில் பதினாறு எண் உருண்டிருந்தது.

"பதினாறு! பாத்துக்கோ மாமா. புது வண்டி இதைக் குடுக்குமா?"

ஜடையனுக்கு எண் படிக்கத் தெரியும். மூட்டை மேல் போடும் நம்பரில் கற்றது. பதினாறைக் கண்ணாலேயே பார்த்தான். சீட்டுப் பணமும் பாப்பம்மாளின் சங்கிலியும் அன்று சாயங்காலம் மல்லப்பன் கைக்குப் போயின. பாப்பம்மாள் சங்கிலியைக் கழற்றும்போது தம்பி முகத்தைப் பார்க்கவில்லை. சங்கிலி போகிற வருத்தம் என்று ஜடையன் நினைத்துக்கொண்டான்.

கொள்ளேகால் பக்கத்தில் ஆறு தோட்டக்காரர்களிடம் பேசி முடித்தான். மைசூரிலிருந்து போக அறுபது கிலோமீட்டர், வர அறுபது. நூற்றிருபதுக்கு ஏழரை லிட்டர் போதும் என்று வைத்து, பெட்டிக்கு இன்ன வாடகை, தக்காளி சீசன் முடிகிறவரை அதைக் கூட்டுவதில்லை என்று மாதேஸ்வரன் பேரில் சத்தியம் பண்ணிக் கொடுத்தான். சத்தியம் பண்ணினால்தான் அந்தப் பக்கத்து ஆள்கள் பெட்டியைத் தொட விடுவார்கள்.

ஜடையனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. டிரைவராக எட்வர்ட் வந்தார். ஐம்பத்தைந்து வயது, மூடிப்போன ஒரு பேக்டரியில் வேன் ஓட்டியவர். சர்ச்சுக்குப் பின்னால் வீடு. பெண்சாதி மோலி ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அதிகம் பேசமாட்டார். கியர் போட்டால் சத்தம் வராது.

நடுச்சாமம் தாண்டி எட்வர்ட் தனியாகக் கிளம்புவார். விடிவதற்குள் பெட்டிகளோடு வந்துவிடுவார். ஜடையன் மார்க்கெட்டில் இடம் பிடித்து நின்று, இறக்கி, ஏலத்துக்கு விட வேண்டும். அதனால் கூடப் போக முடியாது. முதல் வாரமே டீசல் கணக்கு இடித்தது. ஏழரை போட்டால் போதும் என்ற இடத்தில் பதினொன்று, பதினொன்றேகால் குடித்தது. மாற்றி மாட்டிய இன்ஜின், கொஞ்சம் இறுக்கம் இருக்கும் என்று நாள் கடத்தினான். ஒரு மாதம் ஆயிற்று. கையில் ஒன்றும் நிற்கவில்லை. இப்படியே போனால் வண்டியை விற்றுவிட்டு மறுபடியும் மூட்டைக்கு அடியில் போக வேண்டியதுதான்.

மல்லப்பனிடம் போனான். மல்லப்பன் மீட்டரைப் பார்த்தான். முந்தின நாள் கிளம்பும்போது இருந்த எண்ணைக் கேட்டான்.

"மாமா, உன் வண்டி பதினாறு குடுக்குது. சந்தேகமே வேண்டாம். நேத்து எவ்வளவு ஓடியிருக்குது பாரு. நூத்தியெம்பது! கொள்ளேகால் போய்வர நூத்தியிருபதுதானே? மீதி அறுபது எங்க போச்சு?"

ஜடையனுக்கு விளங்கவில்லை. "எங்க போச்சு?"

"டிரைவரைக் கேளு. ராத்திரில தனியா போறான். வழியில வேற வாடகை அடிக்கறான்."

மறுநாள் காலையில் பெட்டி இறக்கி முடிந்ததும் ஜடையன் எட்வர்டை வீட்டுக்கு வரச்சொன்னான். மல்லப்பனும் வந்திருந்தான். பாப்பம்மாள் வாசற்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அண்ணா, அந்த அறுபது கிலோமீட்டர் எங்க போனீங்க?" என்று ஜடையன் கேட்டான்.

எட்வர்ட் முதலில் சிரித்தார். "எங்கயும் போகல ஜடையண்ணா. அந்த மீட்டர் ஜாஸ்தி ஓடுது. ரெண்டு கிலோமீட்டர் போனா மூணு காட்டும். முதல் வாரத்துலயே நான் இவர்கிட்ட சொன்னேனே." மல்லப்பனைக் கையால் காட்டினார். "ஓனர்கிட்ட சொல்லாதீங்க, வருத்தப்படுவாரு, நானே சரி பண்ணிடறேன்னு சொன்னீங்கல்ல?"

"நானா? எப்பப்பா சொன்னேன்?" மல்லப்பன் முகத்தில் ஒரு மடிப்பும் விழவில்லை. "அரை லிட்டர் டீசலுக்கு நாக்கு எப்பிடிப் புரளுது பாரு மாமா."

எட்வர்ட் ஜடையன் பக்கம் திரும்பினார். "நான் ஒண்ணும் சொல்லல. நாளைக்கு ஒருநாள் என் பக்கத்துல உக்காந்து வாங்க. ரோட்டோரம் கல்லு நட்டிருக்கு, நம்பர் போட்டிருக்கு. கல்லையும் மீட்டரையும் பாருங்க. ஒருநாள் போதும்."

நல்ல யோசனைதான். ஜடையனின் வாய் சரி என்று சொல்லத் திறந்துவிட்டது. அதற்குள் மல்லப்பன் எழுந்தான்.

"போ மாமா, போ. நான் குடுத்த வண்டியைக் கல்லு வச்சு எண்ணிப் பாரு. தாய்மாமன் தட்டைச் சபையில எண்ணுன முதல் ஆளு நீதான்னு ஊருக்குள்ள சொல்லிக்கறேன். ஆவணியில உமாவுக்குக் கல்யாணம். வேற மாமனைப் பாத்துக்கோ."

ஜடையன் பாப்பம்மாளைப் பார்த்தான். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எம் பொறந்தவன் சொல்லை எண்ணிப் பாத்துத்தான் நம்போணுங்களா?" என்றாள்.

அவ்வளவுதான். ஜடையன் சாவிக்குக் கையை நீட்டினான். எட்வர்ட் சாவியை அந்தக் கையில் வைக்கவில்லை. பானெட் மேல் வைத்தார். நேற்றைய சம்பளத்தைக்கூடக் கேட்காமல், சட்டைப் பையிலிருந்து வண்டி துடைக்கிற துணியை எடுத்து அதையும் பக்கத்தில் வைத்துவிட்டு நடந்தார்.

வேறு டிரைவர் உடனே கிடைக்கவில்லை. மார்க்கெட்டில் செய்தி பரவியிருந்தது. எட்வர்ட் திருடினார் என்று ஜடையன் ஒருவரிடமும் சொல்லவில்லை. மல்லப்பன் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். எட்வர்டைத் தெரிந்த டிரைவர்கள் ஜடையன் வண்டிப் பக்கம் வரவில்லை. நாலு நாள் வண்டி நின்றது. கொள்ளேகாலில் தக்காளி பழுத்துக் கிடந்தது. ஒரு தோட்டக்காரர் ஆள் அனுப்பி, சத்தியம் என்ன ஆச்சு என்று கேட்டார். ஜடையன் மைத்துனனிடம் போய் நின்றான்.

"ஒரு நடை நீயே ஓட்டிக் குடு மாப்ளே. நானும் கூட வாரேன். மார்க்கெட்டை வேலாயுதம் பாத்துக்குவான்."

"நீ எதுக்கு மாமா? தூங்கு. நான் போய்ட்டு வந்தர்றேன்."

"தோட்டக்காரங்ககிட்ட முகத்தைக் காட்டோணும்."

மல்லப்பனால் மறுக்க முடியவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் கிளம்பினார்கள். ஏறி உட்கார்ந்ததும் மல்லப்பன் தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து மீட்டர் மேல் போட்டான்.

"என்ன மாப்ளே?"

"வெயிலு கண்ணாடில பட்டுக் கண்ணைக் கூசுது."

வெயில் முதுகுப்பக்கம் இருந்தது. துண்டு மூடுவதற்கு முன்னால் எண்ணை ஜடையன் பார்த்துவிட்டான். பார்க்கவேண்டும் என்று பார்த்ததல்ல. மூட்டைமேல் நம்பர் இருந்தால் கண் தானாகப் போகுமே, அந்தப் பழக்கம்.

நரசீபுரத்துப் பாலத்துக்கு ஏறும் இடத்தில் ஒரு பெரிய பள்ளம். வண்டி குதித்தது, துண்டு நழுவிக் கீழே விழுந்தது. மல்லப்பனின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில். ஜடையன் குனிந்து துண்டை எடுத்தான். திரும்பப் போடவில்லை. மைசூரிலிருந்து முப்பது கிலோமீட்டர் என்றது ரோட்டோரக் கல். மீட்டரில் நாற்பத்தைந்து உருண்டிருந்தது.

துண்டை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்க்க ஆரம்பித்தான். மஞ்சள் தலையோடு ஒரு கல். மீட்டரைப் பார்த்தான். அடுத்த கல், அதற்கடுத்த கல். இரண்டு கல் தாண்டுவதற்குள் மூன்று எண் உருண்டது. தப்பாக எண்ணியிருப்போம் என்று மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான். வெளியே கரும்பு, வாய்க்கால், கரும்பு. இரண்டு கல், மூன்று எண். மல்லப்பன் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டினான். சினிமா, மழை, உமாவின் கல்யாணச் சேலை என்று என்னென்னவோ பேசினான். கொஞ்சநேரத்தில் பேச்சு தானாக நின்றுபோயிற்று.

"வண்டியை நிறுத்து" என்றான் ஜடையன்.

நிறுத்தினான்.

"பதினாறு இல்ல. பத்து, பத்தரை. அப்பிடித்தானே?"

மல்லப்பன் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான். "அந்த மீட்டர் வேற வண்டியோடது மாமா. பல்லுச்சக்கரம் ஒத்து வரல. நான் வேணும்னு பண்ணல. மாட்டுனதுக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது."

"எப்ப?"

"பாட்டிலு வைக்கறதுக்கு முன்னாலயே."

"தெரிஞ்சுதான் லேஅவுட்டுக்குள்ள சுத்துன."

"ஒர்க்ஷாப்பு இடத்துக்காரன் காலி பண்ணச் சொன்னான் மாமா. முன்பணம் கட்டலைன்னா சாமானைத் தெருவுல எறிஞ்சிருப்பான். இந்த வண்டியை வேற ஆரு வாங்குவா?"

"அந்த மனுசன் எட்வர்ட்?"

"அவன் உண்மையைச் சொல்லிட்டான். நான் என்ன பண்ணட்டும்?"

அதோடு விட்டிருந்தால்கூட ஜடையன் தாங்கிக்கொண்டிருப்பான். ஆனால் மல்லப்பன், அடிபடாமல் தப்பிக்கப் பார்க்கும் பையன் மாதிரி, இன்னொன்றையும் சொல்லிவிட்டான்.

"என்னை மட்டும் பாக்காத. அக்காளுக்குத் தெரியும். முதல்லயே சொல்லிட்டுத்தான் பண்ணினேன்."

கொள்ளேகாலில் பெட்டி ஏற்றினார்கள். தோட்டக்காரர்கள் கொடுத்த மோரைக் குடித்தார்கள். திரும்பும்போது அறுபது கல்லுக்கும் ஒரு பேச்சு இல்லை.

வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டு ஜடையன் சாப்பிட உட்கார்ந்தான். பாப்பம்மாள் களி வைத்து, நடுவில் குழி பறித்துக் குழம்பு ஊற்றினாள்.

"ஏன்புள்ள, மீட்டர் விசயம் உனக்குத் தெரியுமா?"

குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. "தெரியுங்க."

"சங்கிலி கழட்டுன அன்னைக்கே?"

"அதுக்கு முந்துன நாளு. வந்து காலைப் புடிச்சு அழுதானுங்க. ஒர்க்ஷாப்பு போனா பொழப்பே போயிரும்னான். கொஞ்சம் டீசல்தானே, மாமன் தாங்கிக்குவாருன்னான்."

"என் கழுத்து தாங்காதுன்னு உனக்குத் தெரியாதா?"

அவள் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

"சரி, என்னை விடு. எட்வர்ட் அண்ணன் நம்ம வாசல்ல நின்னாரு. நீ கீரை ஆஞ்சுட்டு இருந்த. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா எந்தம்பி திருடன் ஆயிருவானுங்க."

"இப்ப?"

பாப்பம்மாள் அழவில்லை. அதுதான் ஜடையனுக்கு ஆறாமல் போனது. பன்னிரண்டு வயசில் இடுப்பில் ஏற்றிக்கொண்டவள் இன்னும் இறக்கவில்லை. புருஷன், பிள்ளை எல்லோரும் அவளுக்கு அதற்கு அப்புறம்தான். இருபது வருஷம் ஒரே தட்டில் தின்றும் இது தனக்குத் தெரியவில்லையே என்று நினைத்தான். களியை மிச்சம் வைக்காமல் தின்றான். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு சர்ச்சுப் பக்கம் நடந்தான்.

எட்வர்ட் வீட்டு வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். மோலி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, வா என்று சொல்லாமல் திரும்பிப் போனாள்.

"அண்ணா, கல்லு எண்ணிட்டேன்" என்றான் ஜடையன்.

"ம்."

"ரெண்டுக்கு மூணு."

"ம்."

"தப்பு நடந்துபோச்சு. நாளைக்கு வண்டிக்கு வாங்க. மார்க்கெட்டு நடுவுல நின்னு நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்."

எட்வர்ட் பம்பைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"சொல்லுங்க, சந்தோஷம். நான் வரல. ஸ்கூல் வேன் ஒண்ணு கிடைச்சிருக்கு. அங்க போய்க் கேட்டப்ப, டீசல் அடிக்கற டிரைவர் நீதானான்னு கேட்டாங்க. இல்லன்னு புரிய வைக்க எனக்கு மூணு நாள் ஆச்சு." சைக்கிள் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "ஒருநாள் என் பக்கத்துல உக்காருங்கன்னுதான் கேட்டேன் ஜடையண்ணா. அவனை நம்பினீங்க, சரி, சொந்தம். எனக்காக ஒருநாள் உக்காந்திருக்கலாம்."

ஜடையன் சம்பளப் பாக்கியை நீட்டினான். எட்வர்ட் வாங்கி, எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் ஜடையன் சொன்னபடி மார்க்கெட்டில் பெட்டிக்கு மேல் ஏறி நின்று நடந்ததைச் சொன்னான். பாதிப் பேர் நம்பினார்கள். பாதிப் பேர், மைத்துனனோடு ஏதோ தகராறு, அதனால் டிரைவரை நல்லவனாக்குகிறான் என்று பேசிக்கொண்டார்கள்.

சத்தியம் பண்ணிவிட்டபடியால் வேலாயுதம் பிடித்துக் கொடுத்த ஒரு டிரைவரை வைத்து, சீசன் முடியும்வரை அதே வாடகைக்கு ஓட்டினான். ஒவ்வொரு நடைக்கும் வண்டி குடித்தது போக, அவன் குடிக்க டீக்குக்கூடக் கஷ்டம். ஆவணியில் உமாதேவி கல்யாணம் நடந்தது. மல்லப்பன் தாய்மாமனாகப் பட்டுத்துண்டு கட்டி நின்றான். ஜடையன் அவனுக்குச் சந்தனம் கொடுத்தான், வெற்றிலை கொடுத்தான், வாங்க என்று சொல்லவில்லை. பெண்ணுக்கு அது தெரியக்கூடாது என்று போட்டோ எடுக்கும்போது பக்கத்திலும் நின்றான்.

கல்யாணம் முடிந்ததும் வண்டியை விற்கப் பார்த்தான். முதலில் வந்தவன் ஒரு மொத்த வியாபாரி. "எத்தனை குடுக்கும்?" என்று கேட்டான்.

"பத்து. வெறும் வண்டியா போனா பத்தரை. மீட்டரை நம்பாதீங்க."

வியாபாரி சிரித்தான். "விக்கறவன் பத்துன்னா ஏழுதான் குடுக்கும். எல்லாரும் பதினாறு சொல்ற காலத்துல பத்து சொல்றியே, உன் வண்டி என்ன பாடு பட்டிருக்கோ?" என்று போய்விட்டான். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களிடமும் பத்து என்றான். அவர்களும் போனார்கள்.

"பதினாறுன்னே சொல்லேண்டா, உனக்கென்ன?" என்றான் வேலாயுதம்.

"அதை ஒருத்தன் சொல்லித்தான் வாங்கினேன்" என்றான் ஜடையன்.

கடைசியில் சாமராஜநகரிலிருந்து ஆலை வைத்திருந்த ஒருவர் வந்தார். கொல்லையிலிருந்து கரும்பு இழுத்தால் போதும், லிட்டர் கணக்கெல்லாம் வேண்டாம் என்று இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டார். ஜடையன் மறுபடியும் மார்க்கெட்டுக்குப் போனான். மூட்டை வேண்டாம், பூக்கூடை மட்டும் என்று தொடங்கினான். பூக்கூடை நாலு நாள், அப்புறம் வெங்காயம். ஒன்றரை வருஷத்தில் இடது கையில் மூன்று விரலுக்குச் சூடும் குளிரும் தெரியாமல் போயிற்று. இப்போது மார்க்கெட் தெற்கு வாசலில் வெற்றிலைக் கவுளி பிரித்து வைத்து உட்கார்ந்திருக்கிறான். வலது கையால் எண்ணிக் கொடுக்கிறான்.

பாப்பம்மாளோடுதான் இருக்கிறான். அவள் ஆக்குவதைத் தின்கிறான், அவளுக்குக் காய்ச்சல் என்றால் கசாயம் வைக்கிறான். எந்த விஷயத்திலும் "நீ என்ன சொல்ற?" என்று மட்டும் கேட்பதை விட்டுவிட்டான். மாதத்தில் ஒருநாள் அவள் பன்னிமண்டபத்துக்குத் தம்பி வீட்டைப் பார்க்கப் போவாள். பலகாரத் தூக்கை வாங்கிக்கொண்டு ஜடையன் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போவான். பஸ் வந்ததும் தூக்கை அவள் கையில் கொடுப்பான்.

"ஏனுங்க, நீங்களும் வாங்களேன். மூணு வருசமாச்சு" என்று படியில் நின்றபடி கேட்பாள்.

"நீ போய்ட்டு வா" என்பான். பஸ் நகர்ந்து சிக்னல் தாண்டும்வரை நிற்பான். அப்புறம் திரும்பி, வெற்றிலை வாடுவதற்குள் கடைக்கு நடப்பான்.